அழுத்தினால் திறக்கும்

பட்டன் செய்கிறேன் என்று அந்த நாளில் சொன்னால் யாருக்கும் புரியாது. சட்டைக்கா, ரவிக்கைக்கா என்று கேட்பார்கள். தி. நகரில் குடியிருந்துகொண்டு பட்டன் என்றால் வேறு எப்படிக் கேட்பார்கள், ரங்கநாதன் தெருவில் நாலு கடைக்கு ஒரு கடை பட்டனும் லேஸும்தான். இல்லை, கம்ப்யூட்டரில் அழுத்துகிற பட்டன் என்றால், ஓ கீபோர்டா என்பார்கள். அதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. ஆமாம், சட்டைக்குத்தான் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவேன்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அது. நானும் என் கணவன் சித்தார்த்தனும் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல் ஒரு மாடி அறையில் இருந்தோம். வீடும் அதுதான், ஆபீசும் அதுதான். ஒரு பக்கம் ஸ்டவ், இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர். கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்தோம். அவன் உள்ளே ஓடுகிற புரோகிராம் வரிகளை எழுதுவான். கண்ணுக்குத் தெரிகிறதெல்லாம் என் வேலை. அதில் முக்கால்வாசி பட்டன்தான்.

செய்முறை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஃபோட்டோஷாப்பில் ஒரு கட்டம் போடுவேன். மூலைகளை மழுக்குவேன். இடது மேல் ஓரத்தில் ஒரு இழை வெளிச்சம், வலது கீழ் ஓரத்தில் ஒரு இழை இருட்டு. அவ்வளவுதான், தட்டையாகக் கிடந்தது மூச்சு இழுத்துக்கொண்டு எழுந்து நிற்கும். அதையே நகல் எடுத்துக் கறுப்பாக்கிச் சற்றுத் தள்ளிப் போட்டு மங்கலாக்கினால் நிழல். ஒரு பட்டனுக்கு மூன்று படம் வேண்டும். சும்மா இருக்கும்போது ஒன்று. மவுஸின் அம்பு மேலே வந்ததும் வெளிச்சமாகிறது ஒன்று. அழுத்தும்போது உள்ளே போகிறது ஒன்று. தமிழ் எழுத்து அப்போது எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் தெரியாது, அதனால் எழுத்தையும் படத்தோடு படமாக வரைந்துவிட வேண்டும்.

நாள் பூராவும் இதையே செய்தால் கண் ஒரு தினுசாக ஆகிவிடுகிறது. மத்தியானத்தில் கீழே பாத்திரக் கடை வாசலில் குடங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு குடத்தின் இடது தோளிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. ஜன்னலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாண்டி பஜாரில் எலுமிச்சம்பழம் பொறுக்கினால் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பேன். மாம்பலம் ஸ்டேஷன் படியில் இறங்குகிற கூட்டமெல்லாம் ஒரே பக்கம் நிழலைச் சாய்த்துக்கொண்டு மிதந்து போகும். எனக்குத் தலை லேசாகச் சுற்றும், நன்றாகவும் இருக்கும். ஸ்டவ்வில் பருப்பு வெந்துகொண்டிருக்கிறதா வாளியில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். "இன்னா ரஞ்சி, இங்க கீறியா, இல்ல உள்ள பூட்டியா" என்று மானிட்டரைக் காட்டிச் சித்தார்த்தன் கேட்பான். அவன் சிந்தாதிரிப்பேட்டைக்காரன். நான் மயிலாப்பூர். கூவத்துக்கும் கபாலி கோயில் குளத்துக்கும் நடுவில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நாங்கள்.

அதனால்தான் என் அப்பா என்னோடு பேசுவதில்லை.

அப்பா பெயர் சங்கரன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்புறம் அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவர் ரசம் வைப்பார், நான் குறை சொல்வேன். நான் படம் வரைவேன், அவர் குறை சொல்வார். இரண்டு பேருக்கும் கோபம் மூக்கு நுனியில். ஆனால் சித்தார்த்தனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்ன அன்று மட்டும் அவர் கத்தவில்லை. "சரி. இனிமே இந்த ஆத்துக்கு வராதே" என்றார். அவ்வளவுதான், மூன்று வருஷமாகச் சத்தமே இல்லை. போன் செய்வேன். "அப்பா" என்று ஆரம்பித்ததும் ரிசீவரை மெதுவாக வைப்பார். படக்கென்று வைத்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். மெதுவாக, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைப்பார்.

எனக்கு ஆசீர்வாதம், சீர், சமாதானம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான். திட்டாக இருந்தாலும் சரி.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கன் மாமா எங்கள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். மாட வீதிக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன சங்கீத சபாவின் செக்ரட்டரி அவர். பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், சபா என்றே வைத்துக்கொள்வோம். கமிட்டி மாமாக்களின் பிள்ளைகள் எல்லாம் அமெரிக்காவில். மார்கழிக் கச்சேரி விவரம் அங்கே இருந்தே பார்க்க வேண்டுமாம், அதனால் சபாவுக்கு ஒரு வெப்சைட்.

"நீ பொறந்ததுலேர்ந்து சபாவைப் பாத்திண்டிருக்கே, நீயே பண்ணிக் குடு" என்றார். பிறகு கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு சொல்லிடறேன். சபாவோட கணக்கு வழக்கெல்லாம் உங்கப்பாதான் பாக்கறார். எதுவானாலும் அவர் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் கமிட்டி ஒத்துக்கும். உன் பேரை நான் சொல்லலை. சொன்னா வேலையே வேண்டாம்பர்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வேண்டாம் மாமா, போய் வாருங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "செய்யறேன்" என்று வந்தது.

ஆறு பட்டன். முகப்பு, கச்சேரிகள், கலைஞர்கள், டிக்கெட், படங்கள், தொடர்புக்கு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்ன வாத்தியம். முதல் தடவை குங்குமச் சிவப்பில், மினுமினுவென்று, உருண்டையாகச் செய்தேன். அப்பாவிடம் கம்ப்யூட்டர் ஏது, காகிதத்தில் அச்செடுத்து மாமாவிடம் கொடுத்தனுப்பினோம். இரண்டு நாளில் மாமா திரும்பி வந்தார்.

"இது சபாவா, லாலா கடையான்னு கேக்கறார்."

"யாரு?"

"வேற யாரு, உங்கப்பாதான். ஜாங்கிரி மாதிரி இருக்காம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்தேன். மாமா போன பிறகுதான் உறைத்தது. அப்பா என் வேலையை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு வாக்கியம் பேசியிருக்கிறார். கிழித்ததைப் பொறுக்கி ஒட்டவைத்துப் பார்த்தேன். ஜாங்கிரி மாதிரிதான் இருந்தது, சண்டாளர்.

அடுத்ததைத் தேங்காய் நார் நிறத்தில், அடக்கமாகச் செய்தேன். வீணை போட்ட பட்டனுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியோடு அது திரும்பி வந்தது. அரை மணி நேரம் முறைத்துப் பார்த்த பிறகு தெரிந்தது. வீணையின் குடம் மறுபக்கம் வரவேண்டும் என்று அந்தப் படத்தை மட்டும் திருப்பிப் போட்டிருந்தேன். நிழலும் சேர்ந்து திரும்பிவிட்டது. ஐந்து பட்டனுக்கு வலது பக்கம் நிழல், ஒன்றுக்கு மட்டும் இடது பக்கம். ஒரே அறையில் இரண்டு சூரியன். ஜியாமெட்ரி வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா. வெட்கமாகவும் இருந்தது, ஒரு மாதிரி இனிப்பாகவும் இருந்தது.

மூன்றாவது தடவை மாமா படியேறியதும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாம் எதுக்கு மேட்டுல நிக்கறது, தட்டையா எழுதினா அமெரிக்காவுல படிக்க மாட்டாளான்னு கேக்கறார்."

"பாத்தாலே அழுத்தணும்னு தோணணும் மாமா, அதுக்குத்தான். அழுத்தினா திறக்கும்னு சொல்லுங்கோ."

"சொல்றேன், சொல்றேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் போஸ்ட்மேன் ஆயிட்டேன்."

சித்தார்த்தன் ஸ்டவ்வடியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். மாமா இறங்கிப் போனதும், "இன்னாத்துக்கு ரஞ்சி ஒளிஞ்சிக்கினு செய்யணும்? நேரா போய் நில்லு" என்றான்.

"உனக்கு என்ன தெரியும் எங்கப்பாவைப் பத்தி? வாயை வெச்சிண்டு சும்மா இரு."

"கோச்சிக்காத. அவரு தப்பு சொல்றாரு, நீ மூஞ்சி செவந்துக்கினு திருத்துற. பேசிக்கினுதான் கீறீங்க ரெண்டு பேரும். அவருக்குத்தான் அது தெரியாது."

அந்தக் கடைசி வரி என்னை என்னவோ செய்தது. திரும்பி உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே மேஜையில் தலை சாய்ந்துவிட்டது போலிருக்கிறது. கபாலி கோயில் குளத்தங்கரையில் நிற்கிறேன். அப்பா தண்ணீர் மேல் நடந்து வருகிறார். அவர் கால் வைக்கிற இடத்தில் எல்லாம் ஒரு பட்டன், பாதம் படுமுன்பே வெளிச்சமாகிறது. ஒன்று, இன்னொன்று, நிதானமாக வருகிறார், வேட்டி நுனிகூட நனையவில்லை. நான் நிற்கிற படிக்குப் பக்கத்தில் மட்டும் பட்டன் செய்ய மறந்துபோயிருக்கிறேன். அவர் அங்கேயே நின்றுவிடுகிறார். கீழே கடையில் யாரோ ஒரு அண்டாவைப் போட்டுவிட, அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டேன். கன்னத்தில் கீபோர்டு கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது.

கார்த்திகை முடிகிற சமயத்தில் மாமா சங்கடத்தோடு வந்தார். காகிதத்தில் பார்த்தது போதும், வேலை செய்கிறதைக் கண்ணால் பார்த்தால்தான் சரி என்பேன் என்று அப்பா சொல்லிவிட்டாராம். சபாவில் கம்ப்யூட்டர் இல்லை, எங்களுடையதைத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

"கொண்டு வந்து வெச்சுட்டுப் போயிடறோம். நீங்களே காட்டுங்கோ."

"எனக்கு அந்த மவுஸு கைல நிக்கறதில்லேம்மா, எலி மாதிரியே ஓடறது. சித்தார்த்தன் வந்தா உங்கப்பா வாசலோட திரும்பிடுவர். நீ வா."

"நான் வந்தா மட்டும் திரும்ப மாட்டாரா?"

மாமா கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அவருக்கும் தெரியாது.

இரண்டு நாள் நான் நானாக இல்லை. என்னைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து போனால் எல்லாம் போயிற்று. இந்த ஜாங்கிரி, இந்தக் கேள்விக்குறி, இதுவும் இனிமேல் கிடையாது. போகாவிட்டால் இதோடு வேலை முடிகிறது, அப்போதும் கிடையாது. சித்தார்த்தனிடம் எரிந்து விழுந்தேன். அவன் பாட்டுக்கு மானிட்டரைப் பழைய போர்வையில் சுற்றினான். "நான் கீழ டீ குடிச்சிக்கினு நிக்கறேன். அவரு எழுந்து போனா, நீ இறங்கி வா, வூட்டுக்குப் போலாம். அவ்ளோதானே" என்றான். அதற்கு மேல் எனக்குத் தைரியம் சொல்ல யாராலும் முடியாது.

மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். மழை விட்டு வெயில் சாய்ந்திருந்தது. லஸ் தாண்டியதும் எல்லாத் தெருவும் கழுவித் துடைத்த மாதிரி, ஓரமெல்லாம் வெளிச்சக் கோடு. சபாவின் மாடி அறையில் எல்லாவற்றையும் இணைத்துவைத்தோம். சித்தார்த்தன் இறங்கிப் போனான். கீழே மேடையில் யாரோ தம்புரா சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ரீங்காரம் தரை வழியாக ஏறி என் கால் விரலில் வந்து நின்றது. கமிட்டி மாமாக்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். என்னை அடையாளம் தெரிந்து, தெரியாத மாதிரி பேப்பர் படித்தார்கள்.

அப்பா வந்தார்.

தலை முழுக்க வெளுத்துப்போயிருந்தது. யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, அப்படியே நின்றார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். பிறகு அப்பா நேராக வந்து நாற்காலியை இழுத்து மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் நான் நிற்கிறேன் என்பதே இல்லை. மேஜைக்கு ஐந்தாவது கால் முளைத்திருந்தால்கூட ஒரு பார்வை பார்த்திருப்பார்.

"பாக்கறேளா சார்?" என்றார் மாமா. "அழுத்தினா திறக்கும்."

"அதான் சொன்னேளே" என்றார் அப்பா.

கையை நீட்டினார். மவுஸுக்கு இல்லை. அது என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஆட்காட்டி விரலை நீட்டி, கண்ணாடித் திரையில், கச்சேரிகள் என்று எழுதியிருந்த பட்டன் மேல் நேராக வைத்து அழுத்தினார். கரும்பலகையில் முக்கோணத்துக்கு உச்சி காட்டுகிற விரல் அது.

ஒரு மாமா வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மவுஸ் மேஜையின் வலது ஓரத்தில், என் கைக்குக் கீழே இருந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. அம்பை நகர்த்தி அவர் விரலடியில் கொண்டுபோய் அழுத்தினேன். பட்டன் வெளிச்சமாகி, உள்ளே போய், மேலே வந்தது. கச்சேரிப் பக்கம் திறந்தது.

அப்பா விரலை எடுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு டிக்கெட்டை அழுத்தினார். ஓடினேன், அழுத்தினேன், திறந்தது. படங்கள். திறந்தது. முகப்பு. திறந்தது. அவர் விரலும் என் கையும் அந்தத் திரைக்குள்ளே முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தன. தம்புரா நிற்கவே இல்லை. அவருடைய திருநீற்று வாசனை என் வரைக்கும் வந்தது. ரசத்துக்குக் குறை சொன்ன நாளெல்லாம் ஞாபகம் வந்தது. இது முடியவே கூடாது, பட்டனை ஆறோடு நிறுத்தினேனே பாவி, அறுபது செய்திருக்கலாமே என்று இருந்தது.

அப்பா வேகமாக அழுத்த ஆரம்பித்தார். மேல் மூலை, கீழ் மூலை, மறுபடி மேல் மூலை. என் அம்பு தடுமாறியது. அவர் விரல் போய்ச் சேர்ந்து சற்றுப் பொறுத்துத்தான் பட்டன் வெளிச்சமானது. கணக்கு வாத்தியார் பார்க்காமல் இருப்பாரா. விரலைக் கண்ணாடியிலேயே வைத்துக்கொண்டு, தன் விரலைத் துரத்தி வருகிற அந்தச் சின்ன வெள்ளை அம்பைப் பார்த்தார். அம்பு நின்ற இடத்திலிருந்து கண்ணைத் தாழ்த்தி, மேஜை மேல் ஓடுகிற வயரைப் பார்த்தார். வயர் வழியாகவே பார்வையை ஓட்டி வந்து என் கையில் நிறுத்தினார்.

"கையை எடு" என்றார்.

மூன்று வருஷம் கழித்து முதல் வார்த்தை. எடுத்துவிட்டேன். இதுதான், இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆத்திரம் வரவில்லை, அழுகைகூட வரவில்லை, கை மட்டும் அந்தரத்தில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

அப்பா கலைஞர்கள் பட்டனை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. நகக்கண் வெளுக்க அழுத்தினார். பட்டன் அசையாமல் நின்றது.

"சங்கரன், அது வந்து அந்த மவுஸைப் பிடிச்சு யார் வேணும்னாலும்" என்று ஒரு மாமா ஆரம்பித்தார்.

"சித்த இருங்கோ" என்றார் அப்பா. உட்கார்ந்த பிறகு முதல் தடவையாக என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கண் நீர் கட்டியிருந்தது, வயசானவர்களுக்கு இருப்பதா, வேறா, எனக்குத் தெரியவில்லை.

"நீ இல்லேன்னா இது திறக்காதா?"

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஸ்ரீரங்கன் மாமா மறுபடி கூரையைப் பார்த்தார்.

"திறக்காதுப்பா" என்றேன்.

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி. கையை வை."

வைத்தேன். அவர் விரல் தொடர்புக்கு என்று எழுதியிருந்த பட்டனிடம் போனது. இந்தத் தடவை உடனே அழுத்தவில்லை, நான் வந்து சேருகிற வரைக்கும் அங்கேயே நின்றது.